வெயில் குழு, மழைக் குழு

மரக்காணத்தில் ஓர் உப்பு அரவை ஆலையில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. உப்புக் காற்று இரும்பையே தின்றுவிடும் ஊரில் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? அடிக்கடி ஒன்று செத்துவிடும். அதனால் எந்த மென்பொருளையும் நேரடியாக நிறுவாமல், ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காக வைத்திருந்தேன். வேண்டும்போது அடுக்கைப் போடலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். எடுத்தால் திரையில் அது இருந்த சுவடே தெரியாது.

அடுக்குகள் நாற்பதைத் தாண்டியதும் தலைவலி ஆரம்பித்தது. ஆபீஸில் உட்கார்ந்து திரையிலிருந்தே அரவையை ஓட்டும் ஆபரேட்டர் ஒன்றைப் போட மறப்பார், வேறொன்றை எடுத்துத் தொலைப்பார். ஒருநாள் ஆத்திரத்தில் கீபோர்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். என் கோபம் அப்படித்தான், முதலில் கை நீளும், பிறகுதான் புத்தி வரும். அன்றைக்கே எல்லா அடுக்குகளையும் இரண்டு குழுக்களாகக் கட்டினேன். ஒன்றுக்கு வெயில் என்று பெயர், இன்னொன்றுக்கு மழை. உப்பளத்தில் வருஷம் என்பதே இந்த இரண்டுதான். மழை பிடித்துவிட்டால் உப்பு வாருவதும் அரைப்பதும் நின்றுவிடும். குவியலை மூடுவதும் கிடங்கைப் பார்ப்பதும்தான் வேலை. ஒரே கிளிக்கில் வெயில் போய் மழை வரும். "மழை வந்தா இத அழுத்துங்க, அவ்ளோதான்" என்று ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அரவை பெல்ட்டை நிறுத்தும் பட்டனும் வெயில் குழுவில்தான் இருந்தது. பெல்ட் பக்கத்தில் இருந்த சிவப்பு சுவிட்ச் துருப்பிடித்து உதிர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. திரையில்தான் இருக்கிறதே, போதும் என்று முதலாளி விட்டுவிட்டார். நானும் தலையாட்டினேன்.

கோடையில் ஒரு மத்தியானம் திடீரென்று மழை கொட்டியது. குவியல் கரைவதற்குள் அள்ளி அள்ளிப் பெல்ட்டில் தள்ளினார்கள். கோடை மழையில் அரவை நிற்காது, இன்னும் வேகமாக ஓடும். உப்பளத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். குழு கட்டும்போது ஐப்பசி மழை மட்டும்தான் நினைப்பில் இருந்தது. ஆபரேட்டர் நான் சொன்னபடியே மழையை அழுத்தினார். திரையிலிருந்து வெயில் போனது, பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து அலறல். ஒரு தொழிலாளியின் கை பெல்ட்டில் சிக்கிவிட்டது.

"நிறுத்துடா! டேய், நிறுத்துடா!"

ஆபரேட்டர் திரை முழுக்கத் தேடினார். "அக்கா, பட்டனே இல்லக்கா!"

நான் பாய்ந்து வெயிலை மறுபடி போட்டேன். அது ஏறுவதற்கு நேரம் பிடித்தது. அதற்குள் யாரோ ஓடிப்போய் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். மூன்று விரல்கள் போயிருந்தன. உப்பெல்லாம் ரத்தம்.

அடிபட்டவரை வண்டியில் ஏற்றி அனுப்பிய கையோடு, அவருடைய தம்பி உப்பு வாரும் பலகையின் கழியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தார். முதலில் மானிட்டர் சிதறியது. அப்புறம் ஆபரேட்டரின் முதுகில் ஓர் அடி.

"எங்க அண்ணன் கத்துனது காதுல வுழலியாடா? போனை நோண்டிக்கினு இருந்தியா?"

"மழைன்னா அழுத்தணும்னு... அதான் அழுத்துனேன்..." ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

நான் பிரிண்டருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கீபோர்டை உடைத்த வீராங்கனைக்கு வாய் எழவில்லை. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது வாயில். ரத்தமும் ஒரு பல்லும் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன.

அப்போதுதான் கத்தினேன். "அவர வுடுங்க! பட்டன் இல்லாம போனது என்னாலதான்!"

கழி என் பக்கம் திரும்பியது. கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலிக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆபரேட்டர் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் துண்டை எடுத்தார்.

"தப்பு எல்லாரும்தான் பண்றோம். மொத அடிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."