கிட்டார் பார்க்கப் போன நாள்

அக்காவுக்குக் கிட்டார் வாங்க வில்லியனூர் போனபோது எனக்கு ஒன்பது வயது. முந்தைய வாரம்தான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி; பாரீசில் வேலை. பாகூர்ப் பக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் அப்படியொரு இடம் அமைந்ததில்லை என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அக்கா அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள். பொறுத்துப் பார்த்த அப்பா, "உனக்கு இன்னா வேணுமோ கேளு, வாங்கித் தரேன்" என்றார். தோழியின் கிட்டாரில் பழகிக்கொண்டிருந்த அக்கா, சட்டென்று கிட்டார் வேண்டும் என்றாள். உடனே அம்மா, "சரின்னுட்டா" என்று பாயசத்துக்கு முந்திரி வறுக்கப் போனாள். அக்காவின் முகம் ஏன் வாடியது என்று நான் கேட்கவில்லை. கிட்டார் வரப்போகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கடையில் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் டிரம்ஸும் ஆர்மோனியங்களும் இடத்தை அடைத்திருந்தன. மிச்சமிருந்த சுவரில் கிட்டார்கள் தொங்கின.

"அதெல்லாம் ஒட்டுப்பலகைண்ணா," என்றார் கடைக்காரர் அப்பாவிடம். "இந்த வரிசைய மட்டும் பாருங்க. முழு மரம். வாசிக்க வாசிக்க சத்தம் நல்லா ஆவும். வெலயும் நமக்குக் கட்டுப்படியாவுறதுதான்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் வாங்கினாள். முதல் கிட்டாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். அடுத்ததில் கம்பி உயரமாக நிற்கிறது, விரல் வலிக்கிறது. இன்னொன்றில் ஏதோ ஒரு கம்பி இரைகிறது. மரத்தில் காதை ஒட்டவைத்து, ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பச் சுண்டினாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டன.

அப்பாவின் போன் அடித்தது. அத்தை. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் அன்றிரவே விமானம் ஏறுகிறார்கள். அதற்குள் பதில் தெரிய வேண்டும். "கடையிலதாம்மா இருக்கோம். இதோ, வாங்கிட்டு உடனே கூப்புடுறேன்." வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"சீக்கிரம் பாரும்மா. அத்த அங்க தவியா தவிக்கிறா."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. நான் அவள் காதருகே போய், "எதனா ஒண்ண எடுத்துக்கக்கா" என்று கெஞ்சினேன். அவள் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. விரல் நுனிகளில் கம்பி பதிந்து சிவந்திருந்தது.

கடைசியாகத் தேன் நிறத்தில் ஒரு சின்னக் கிட்டார் வந்தது. ஒரே ஒரு முறை மீட்டினாள். கடைக்காரர் சொல்லாமலே எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அவள்மீது சாய்ந்திருந்த என் விலாவுக்குள் அந்தச் சத்தம் இறங்கியது. அப்பாவின் கையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது; அவர் எடுக்கவில்லை.

"இதான? புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்குப்பா."

கடைக்காரர் உறையைத் தேட ஆரம்பித்தார்.

"ஆனா வேணாம்."

"வேற பாக்கறியா?"

"எதுவும் வேணாம்பா."

எழுந்து, இரண்டு கையாலும் அந்தக் கிட்டாரை அப்பாவிடம் நீட்டினாள். பச்சைக் குழந்தையைத் தூக்கத் தெரியாதவர்போல அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. விசிறி ஓடாத கடையில் புழுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

போன் மறுபடியும் அடித்தது. அப்பா கிட்டாரை மேசைமேல் மெதுவாகப் படுக்கவைத்துவிட்டு எடுத்தார்.

"இல்லம்மா... சரிப்பட்டு வராது... அவளுக்கு வேணாமாம். வுட்டுடு."

அத்தை கத்தியது எனக்கே கேட்டது. அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கடைக்காரரிடம், "சிரமம் குடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தார்.

வழியெல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்த என்னை அக்கா இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. அவ்வளவு நல்ல கிட்டாரை விட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன சிரிப்பு என்று முழங்கையால் அவளை இடித்தேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் போய்க் கூப்பிடவில்லை. வாங்காத ஒரு கிட்டாருக்காக அத்தைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று, கரும்பைக் கடித்தபடி நான் வெகுநேரம் யோசித்தேன்.