குச்சி மருந்தும் ஒரு புள்ளியும்

எங்கட ரைபிள் கிளப் டீமில ஒரே ஒரு இடம் காலியா இருந்தது. அதுக்குப் போட்டி போட்டது ரெண்டு பேர்: நானும் என்ர மனுசனும். ரைபிள் ஒண்டுதான், அது ரெண்டு பேரின்ர லைசென்சிலயும் இருக்கு. தோட்டாவை மட்டும் குட்மேய்ஸில எங்கட வீட்டு மேசையில, வெறும் கோதுக்குள்ள வெடிமருந்து போட்டு, அவரவர் தனித்தனியா நிரப்புவம். சனிக்கிழமையில எங்க போறியள் எண்டு சொந்தக்காரர் கேட்டா, ஆர்ச்வே கோயிலுக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போவம். முருகன் மன்னிக்கட்டும்.

நாங்கள் வாங்கின வெடிமருந்து உடைச்ச சேமியா மாதிரி குச்சி குச்சியா இருக்கும். மனுசன் அதை அளக்கிற மெசினுக்குள்ள கொட்டி, கைபிடியைத் தூக்கி இழுத்து, கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ள இருபது தோட்டா முடிச்சுப்போடுவார். இழுக்கேக்க 'நறுக்' எண்டு ஒரு சத்தம் கேக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கேல்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம், மெசின் கொட்டின மருந்தைத் தராசில வைச்சுப் பாத்தன். ஒண்டு கூட, அடுத்தது குறைய. கடுகு மாதிரி உருண்டை மருந்தெண்டா வழுக்கிக்கொண்டு விழும். இந்தக் குச்சி குறுக்க மாட்டுப்பட்டு நிக்குது, மெசின் அதை நறுக்குது. அறுநூறு யார் தூரத்தில சுடேக்க அவற்ற அடி மேலயும் கீழயுமா விழுறது ஏனெண்டு அப்பதான் விளங்கிச்சு.

நான் வாயே திறக்கேல்லை. ஒரு கிழமையா என்ர தோட்டாவுக்கு மட்டும் ஒவ்வொரு குச்சியாப் போட்டுத் தராசில நிறுத்தன்.

"என்னப்பா, தங்கமோ நிறுக்கிறீர்?" எண்டு அவர் நக்கல் அடிச்சார். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு.

ஆளைத் தெரிவு செய்யிற சனி காலமை, கார் பார்க்கில எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்துபோட்டு, "நீர் வெண்டாலும் எனக்குச் சந்தோஷம்தானப்பா" எண்டார். அந்த ஒரு கதையில நான் கவிண்டன். உள்ளதெல்லாம் சொல்லிப்போட்டன். சொன்னது காணாதெண்டு என்ர தோட்டாவில பாதியையும் அவருக்குத் தூக்கிக் குடுத்தன்.

ஒரு புள்ளியால அவர் வெண்டார்.

நான் நிறுத்த மருந்து, நான் நிரப்பின தோட்டா, டீமில அவர். காரில வீட்டுக்குத் திரும்பேக்க எனக்குச் சரியான கோபம். பார்க்கிங் ஊரைத் தாண்டேக்க அவற்ற முகத்தைப் பாத்தன், பள்ளிக்கூடத்தில பரிசு வாங்கின பிள்ளையின்ர முகம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அதுதான் சந்தர்ப்பமெண்டு அவர் மெதுவாக் கேட்டார்.

"மேட்சுக்கும் நீர்தானே நிரப்பித் தருவீர்?"

"ஏலாது. நீங்களே நிறுங்கோ."

ஞாயிறு பின்னேரம் மனுசன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மேசையில இருந்தார். சாமணத்தால ஒரு குச்சியைத் தூக்கித் தட்டில வைச்சார், கூடிப்போச்சு. எடுத்தார், குறைஞ்சு போச்சு. அரை மணித்தியாலத்தில மூண்டே மூண்டு தோட்டா. நான் கதிரையை இழுத்துப்போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரில இருந்தன். டீமில இடம் கிடைச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திராது.

"என்னப்பா," எண்டன், "தங்கமோ நிறுக்கிறியள்?"