எட்டு மில்லி ஓட்டை

என் மனைவி ரிவால்வர் சுடுவாள் என்று சொன்னால் ஆம்பூரில் பாதிப்பேர் என்னைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள். ஞாயிறு காலை வேலூர்ப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் காகிதத்தைச் சுடுவாள், அவ்வளவுதான். வீட்டில் கத்துவது என்னவோ நான்தான்.

போன வருஷம் பள்ளிகொண்டாவில் ஸ்கூட்டர் சறுக்கி அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எட்டு மாசம் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. மறுபடி கிளப்புக்குப் போன அன்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்: "அஞ்சுல நாலு குண்டாச்சும் பேப்பர்ல விழணும். இல்லன்னா மெம்பர்ஷிப் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

அவள் போடுவது வாட்கட்டர். மூக்கே இல்லாத ஈயக் குண்டு, முன்பக்கம் தட்டை. வெடிமருந்து கம்மி, கையை உதைப்பதும் கம்மி. காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டிவிடும். ஃபேக்டரியில் நாங்கள் தோலில் பஞ்ச் அடிக்கிற ஓட்டை மாதிரியே இருக்கும்.

ஐந்தும் சுட்டு முடித்தாள். ரிவால்வரைக் காலி செய்து வைத்ததும் பேப்பரை எடுக்க நான் போனேன். மூன்று ஓட்டைதான்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. ஃபேக்டரிப் பையில் எட்டு மில்லி பஞ்ச் கிடந்தது, குண்டும் கிட்டத்தட்ட அதே அளவு. இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கிறவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேப்பரைக் கட்டையில் வைத்து, பஞ்சை அழுத்தித் திருகினேன். நாலு.

"நாலு விழுந்திருக்கும்மா" என்று நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தோல் ஃபேக்டரியில் அவள் வேலையே வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது. கைக்குட்டை நுனியால் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் தேய்த்தாள். மூன்றில் ஈயக் கரி ஒட்டியது. என்னுடையதில் துணி வெள்ளையாகவே வந்தது. இத்தனை வருஷம் தோல் வேலை செய்கிறவன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

"இது இன்னாங்க?"

பஞ்சைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"என் கையை நீங்களே நம்பலையா?"

அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். "நம்பறேன். நீ இதை விட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் அந்த மூன்று ஓட்டைகளையும் இன்னொரு தடவை தேய்த்தாள். மூன்றிலும் கரி. "மூணு என்னுதுதான்" என்றாள், தனக்குத்தானே. மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டு இன்னும் ஐந்து குண்டு வாங்கினாள். அந்தப் பஞ்சையும் என்னிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

இந்தத் தடவை பேப்பர் எடுக்க அவளே போனாள். எத்தனை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிளப் ஆபீஸில் போய், அடுத்த ஞாயிறுக்கு ஒரு பெட்டி வாட்கட்டர் எடுத்து வைக்கச் சொன்னாள்.