பாதித் தட்டு மீன்

என் அக்கா ரொவீனா முப்பது வயதைத் தாண்டமாட்டாள் என்று சொன்ன டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவளுக்கு இப்போது முப்பத்தேழு. பிறவியிலேயே மரபணுவில் கோளாறு. கொஞ்சம் நெருக்கடி வந்தாலே அவளுடைய செல்கள் தாக்குப்பிடிக்காமல் செத்துவிடும். அப்படித்தான் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பார்வையும் போனது. போனால் போகட்டும். அமெரிக்காவில், செயின்ட் லூயிஸில் எங்கள் சர்ச்சில், இறைச்சி சாப்பிடாத தவக்கால வெள்ளிக்கிழமைதோறும் விற்பனைக்கு மீன் பொரிப்பவள் அவள்தான். எண்ணெயின் சத்தத்தை வைத்தே பதம் சொல்வாள்.

போன வெள்ளிக்கிழமை, அவளுடைய தோல் செல்களை வைத்து மருந்து தேடும் ஆய்வாளன் அன்செல் மீன் வாங்க வந்தான். தட்டில் மீன் விழுந்ததும் ஆரம்பித்தான்.

"ரொவீனா, நல்ல சேதி! உங்க செல்லுங்களை லேப் கிண்ணத்துல போட்டு வதைச்சுப் பாத்தோம். புது மருந்து குடுத்ததுல பாதி சாகவே இல்ல!"

சர்ச் கூடமே கைதட்டியது. அக்கா கரண்டியை ஓங்கினாள்.

"பாதியா? மீதிப் பாதி என்னடா பாவம் பண்ணிச்சு?"

"இதுவே பெரிய விஷயம், ரொவீனா..."

"உனக்குப் பெரிசு. செத்தது என்னோடது."

அக்கா அவன் தட்டைத் தடவி, மீனை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அதுங்களையும் பொழைக்க வெச்சுட்டு வந்து இதை வாங்கிக்கோ."