மூன்றாவது தரம் நீட்டிய மோர்

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பதினான்கு வயதில் உசிலம்பட்டியிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் மதுரைக்கு வந்தேன். இன்றைக்கு ஆனையூரில் பாதி வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் என் பட்டறையில் வெல்டிங் வைத்தவைதான். சந்தேகம் என்றால் கேட்டின் கீழ்ப்பட்டையைக் குனிந்து பாருங்கள். மலையாண்டி என்று பொறித்திருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இரும்பானாலும் மனுஷனானாலும் கையில் எடுத்தவுடனே எடை சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஹாலாஸ்யத்தை ஒன்பது வருஷம் தப்பாக எடை போட்டிருந்தேன்.

ஹாலாஸ்யத்துக்கு நாற்பத்தாறு வயது. தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டுகிற வேலை. ஒல்லி. மாடிப்படி ஏறி வந்தால் மேலே ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். சின்ன வயதிலிருந்தே இளைப்பு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் வாத்தியார் இவரை மட்டும் மரத்தடியில் உட்கார வைத்துவிடுவாராம். ஓடுகிற பிள்ளைகளின் செருப்புக்கு இவர் காவல். "ஏழு வருஷம் செருப்புக் காத்தேண்ணே. எந்தச் செருப்பு யாரோடதுன்னு இன்னைக்கும் சொல்லுவேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அந்த ஆள் நாற்பத்து மூன்று வயதில், மாநகராட்சி நீச்சல் குளத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் கற்றுக்கொள்ளப் போனார். பிறகு ஒரு பழைய பந்தய சைக்கிள் வாங்கி வந்தார். அதில் ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை.

"தம்பி, பாதிச் சைக்கிளைக் குடுத்து ஏமாத்திட்டாய்ங்க. பட்டறைக்குக் கொண்டாங்க. ஸ்டாண்டும் கேரியரும் நல்ல கனமா வச்சுத் தாரேன். காசு வேணாம்" என்றேன்.

அவர் சைக்கிளை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக இழுத்துக்கொண்டு மாடிக்குத் தூக்கிப் போய்விட்டார். அதன் பிறகு அது அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. தினமும் விடியுமுன்பே கிளம்பி உசிலம்பட்டி வரைக்கும் மிதித்துவிட்டு வந்து, குளித்து, ஆபீஸ் போவார். நான் ஊரை விட்டு வந்த அதே ரோடு. நான் அன்று பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்த தூரம். இவர் ஆசைக்கு மிதிக்கிறார். முதலில் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பெயர் ட்ரையத்லான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில், இடையில் உட்காராமல் முடிக்க வேண்டும். நம்ம ஊர்ச் சங்கம் ஒன்று மாசி மாதத்தில் நடத்துகிறது. அழகர்கோவில் போகிற வழியில் ஒரு கண்மாயில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். மேலூர்ப் பக்கம் போய்த் திரும்பி தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். அப்புறம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், ஏழு ஏழாக மூன்று சுற்று. காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் மதியம் இரண்டரைக்குள் கடைசிக் கோட்டைத் தாண்டியாக வேண்டும்.

போன வருஷம் ஹாலாஸ்யம் தாண்டவில்லை. பந்தல் கண்ணுக்குத் தெரிகிறது, மைக்கில் பேசுகிறது காதில் விழுகிறது, அதற்குள் மணி ஆகிவிட்டது. நேரம் குறிக்கக் கணுக்காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சைக்கிளைக் கழுவினார். திங்கட்கிழமை வழக்கம்போல் டிபன் டப்பாவோடு ஆபீஸ் போனார். போட்டிக்குப் போக ரெண்டே தடவைதான் கேட்பேன், அதற்குமேல் கேட்க மாட்டேன் என்று அவர் சம்சாரம் ஜானுவிடம் முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். "ஒரு தடவை கோட்டைத் தாண்டிட்டு உக்காந்துக்கிறேண்ணே. அதுக்கப்புறம் செருப்பே காத்தாலும் பரவாயில்ல" என்றார்.

நான் அன்றே முடிவு செய்தேன், இந்தத் தடவை நான் இருக்கிறேன் என்று. மலையாண்டி கை வைத்த காரியம் பாதியில் நின்றதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அழகர் மதுரைக்கு வருகிற சித்திரை மாதத்தில் முப்பத்திரண்டு வருஷமாக நான் நீர்மோர்ப் பந்தல் போடுகிறேன். என் சம்சாரம் தங்கப்பொண்ணு கடைகிற மோர். இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு தூக்கலாக. ரோட்டில் போகிறவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து எனக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. முதல் தரம் வேண்டாம் என்பார்கள், அது கூச்சம். இரண்டாம் தரம் வேண்டாம் என்பார்கள்; அது மரியாதை. மூன்றாம் தரம் நீட்டினால் வாங்கிக் குடித்துவிடுவார்கள். வாங்காமல் போனால் நீட்டியவனை அவமதித்த மாதிரி. முப்பத்திரண்டு வருஷத்தில் என் மூன்றாவது டம்ளரை ஒருத்தரும் தட்டியதில்லை.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் ஹாலாஸ்யம் கீழே இறங்கி வந்து, "அண்ணே, நாளைக்கு என் கையில வெளியாளு யாரும் எதுவும் குடுக்கக் கூடாதுண்ணே. ரூல்சு" என்றார்.

"சரி தம்பி" என்றேன். எனக்குச் சிரமம் தரக்கூடாது என்று சொல்கிறார், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டப் பாதையில் மூன்றரைக் கிலோமீட்டரில் ஒரு திருப்பம். அங்கிருந்து வந்த வழியே திரும்ப வேண்டும். அங்கே நாலு புங்க மரம், போட்டிக்காரர்கள் வைத்த தண்ணீர் மேசை ஒன்று, கொடியும் விசிலுமாக ஒரு பெண்பிள்ளை. பெயர் ஸ்ரீஜா. காலேஜ் படிக்கிறது. மொபெட்டில் மோர்ப் பானையும் பின்னால் தங்கப்பொண்ணுமாகப் போய் நான் மரத்தடியில் இறங்கினேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஹாலாஸ்யம் வந்தார். நீச்சலும் சைக்கிளும் முடித்து வந்த முகம். உதடு வெடித்து, சட்டையெல்லாம் உப்புக் கோடு. பானையில் மோர் மொண்டேன். டம்ளரை நீட்டினேன்.

"வேணாம்ணே."

திரும்பி ஓடினார். நானும் கூடவே ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் இடது கையில் வேட்டி, வலது கையில் டம்ளர், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "ஒரு வாய் குடிங்க தம்பி."

"அண்ணே, வேணாம்ணே. சொன்னேன்ல."

"எனக்காக. அண்ணன் நீட்டுறேன்ல."

மூன்றாவது தரம். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஸ்ரீஜா நிற்கும் பக்கம் பார்த்தார். அப்புறம் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கையில் கொடுத்தார். உடனே விசில்.

ஸ்ரீஜா அவர் நம்பரை எழுதிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் பெனால்டி சார். சுத்து முடிஞ்சதும் தண்டனைக் கூடாரத்துல சும்மா நிக்கணும்" என்றது. ஹாலாஸ்யம் தலையை ஆட்டிவிட்டு ஓடினார். என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

நான் அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். "ஏம்மா, தாகத்துக்குத் தண்ணி குடுக்குறது குத்தமா? எந்த ஊருச் சட்டம் இது?"

"அய்யா, இவருக்கு நீங்க இருக்கீங்க. பின்னாடி வர்றவருக்கு யாரு இருக்கா? ஒருத்தருக்கு மட்டும் கெடைக்கிறது யாருக்கும் கெடைக்கக் கூடாது. அதான் சட்டம்" என்றது. அப்புறம் குரலைத் தணித்து, "அவரு போற வேகத்துக்கு எட்டு நிமிஷந்தான் கையில இருந்துச்சு. அதுல அஞ்சு போயிருச்சு. இன்னொரு தடவை நடந்தா ஆளையே எடுத்துருவாங்க" என்றது.

தங்கப்பொண்ணு பானை மூடியை வைத்துவிட்டு, "கையக் கட்டிக்கிட்டு நிக்கத் தெரியுதா உங்களுக்கு. அவரு ஒரு வருஷம் மிதிச்சதை ஒரு டம்ளர்ல கவுத்துட்டீக" என்றாள். கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொருத்தராக வந்து திரும்பினார்கள். சின்னப் பையன்களும்கூட மேசையில் வைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, குடிக்கப் பிடிக்காமல் துப்பினார்கள். எனக்கு அந்தப் பெண் சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, எல்லாருக்கும் குடுத்தா?"

ஸ்ரீஜா என்னைப் பார்த்தது. பானையைப் பார்த்தது. போட்டியை நடத்துகிற கிரிதர் என்பவருக்குப் போன் போட்டது. அவர் பைக்கில் வந்து இறங்கி, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"நம்ம மேசையில வைங்க பெரியவரே. முதல் ஆளுலருந்து கடைசி ஆளு வரைக்கும் இருக்கணும். நடுவுல தீந்துச்சுன்னு சொல்லக் கூடாது."

தீருவதா. பக்கத்து ஊரில் நான் கேட் போட்ட வீடுகள் மூன்று இருக்கின்றன. மொபெட்டில் போய் அரை மணி நேரத்தில் இரண்டு பானைத் தயிர் கொண்டுவந்தேன். ஹாலாஸ்யம் இரண்டாவது சுற்று வந்தபோது அவருக்கு முன்னால் ஏழு பேர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுங்க சார், இப்ப பொதுவுதான்" என்றது ஸ்ரீஜா. அவரே டம்ளரை எடுத்துக் குடித்தார். நான் கையைப் பின்னால் கட்டியிருந்தேன்.

மூன்றாவது சுற்றுக்கு அவர் வரும்போது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. மேசைக்குப் பத்தடி தூரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். என் கை தானாகப் போனது.

"அய்யா" என்றது ஸ்ரீஜா. கையை இழுத்துக்கொண்டேன்.

"பேசலாமா?"

"பேசலாம். தொடத்தான் கூடாது."

அவர் மெதுவாக மரத்தடியில் சரியப் பார்த்தார். உட்கார்ந்தால் எழமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி" என்றேன். "இந்த மரத்தடியில செருப்பு ஒண்ணும் கெடக்கல. காவலுக்கு ஆள் வேணாம். கெளம்புங்க."

ஒரு நொடி என்னை முறைத்தார். அப்புறம் சிரித்தார். இந்தத் தடவை உதட்டோடு நிற்கவில்லை, வயிறு குலுங்கியது. காலை உதறினார். மேசையில் இருந்த மோரை எடுத்து இரண்டு டம்ளர் குடித்தார். நொண்டி நொண்டி நடந்து, ரோட்டு வளைவு வருவதற்குள் ஓட ஆரம்பித்தார்.

நாங்கள் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு பந்தலுக்குப் போனோம். ஜானு கோட்டுக்குப் பக்கத்தில் துண்டைப் பிழிந்துகொண்டு நின்றார். மேலே சிவப்பு எழுத்தில் மணி ஓடுகிறது. மோர் குடித்த பையன்களில் ஏழெட்டுப் பேர் மெடலோடு வந்து நின்றார்கள். "மோர்த் தாத்தா, உங்க ஆளு இன்னும் வரலையா?" என்றான் ஒருவன். நான் ரோட்டு வளைவைக் கையால் காட்டினேன்.

இரண்டு இருபத்தேழுக்கு வளைவில் ஒரு ஒல்லி உருவம் தெரிந்தது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடி வந்தது. பையன்கள் கத்தினார்கள். ஜானு கத்தவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். மணியில் ஒரு நிமிஷமும் பதினோரு வினாடியும் மிச்சம் இருக்கும்போது ஹாலாஸ்யம் கோட்டைத் தாண்டினார். தாண்டி இரண்டு அடி வைத்து, சொன்னபடியே உட்கார்ந்தார்.

அந்த ஐந்து நிமிஷம் மட்டும் இல்லையென்றால் இன்னும் ஜம்மென்று வந்திருப்பார். அது என் கணக்கில்தான் இருக்கிறது; நான் மறுக்கவில்லை. ஆனால் மோர் இல்லையென்றால் வந்தே இருக்க மாட்டார் என்று அன்றைக்கு அங்கே பத்துப் பேர் சொன்னார்கள்.

கண்மாயில் குதிப்பவர்களைப் போல எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நான் மட்டும் கோட்டுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டியபடி நின்றேன். கொடியைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீஜா பைக்கில் வந்து இறங்கியது.

"ஏம்மா" என்றேன், "இப்பத் தொடலாமா?"

"இப்பத் தொடலாம்யா."

போய் அவர் தலையில் கையை வைத்தேன். முடியெல்லாம் உப்பு. அவர் அண்ணாந்து பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, மிளகாயைக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்ணே."