வச்சிரத்தில் ஒட்டிய கப்பல்

வச்சிரம் என்பது ஏதோ ஒரு மரத்தின் பிசின் என்றுதான் நான் நம்பியிருந்தேன். தச்சர்கள் அதை வைத்து மரத்தோடு மரத்தை ஒட்டுகிறார்கள். அப்படியானால் பசையும் மரத்திலிருந்துதானே வந்திருக்கும்? பட்டம் வாங்கியவனின் தர்க்கம். இதை நம்பி ஆறு மாதம், வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம்கூட நுழையாத ஒரு மாதுங்கா வீட்டின் பால்கனியில் நான் வச்சிரம் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மரத்தில் சின்னக் கப்பல் கட்டும் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் நாலு பேர். ஒருவர் காப்பிப்பொடிக் கடைக்காரர். ஞாயிறு மதியம் கடை மூடியிருக்கும் என்பதால் அதன் பின்கட்டுதான் எங்கள் துறைமுகம். இன்னொருவர் ரயில்வேயில் வரைபடம் போடுபவர். மூன்றாமவர் தாராவியில் பீரோவும் கட்டிலும் செய்யும் பட்டறைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்குத் தேக்குச் சிராய்களும் வச்சிரக் கட்டிகளும் அவர் பட்டறையிலிருந்துதான் வரும். நாலாவது நான். எங்களுக்குள் ஒரே விதி: அடுத்தவன் கப்பலைப் பாராட்டக் கூடாது. குறை மட்டுமே சொல்லலாம். வாய்தவறிப் பாராட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு அவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் பஜ்ஜி வர வேண்டும்.

என் கப்பல் முழங்கை நீளம், இரண்டு பாய்மரங்கள். தீக்குச்சியைவிடக் கொஞ்சமே அகலமான பட்டைகளை விலாவில் ஒவ்வொன்றாக ஒட்டி முடிக்கவே நாலு மாதம் ஆனது.

"சாரே, இது கப்பலா, கமுத்திப் போட்ட செருப்பா?" என்றார் தாராவிக்காரர், கையில் எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. பஜ்ஜிக்குப் பயந்து அவர் சொன்னது அது என்று எனக்குத் தெரியும்.

நவராத்திரி நெருங்கியபோது என் மனைவி ஒரு முடிவு செய்தாள். கப்பலைக் கொலுவில் வைப்பது. அதுவும் மேல் படியில், கலசத்துக்குப் பக்கத்தில். செய்ததோடு நில்லாமல் கட்டிடத்தின் மூன்று மாடிக்கும் போய், "எங்காத்துக்காரர் கட்டின கப்பல், அவசியம் வந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஞாயிறு நான் தலை நிமிர்ந்து பின்கட்டுக்குள் நுழைந்து விஷயத்தை அறிவித்தேன்.

தாராவிக்காரர் உளியைக் கீழே வைத்தார். "கொலுவுலயா? வச்சிரம் எதுல செய்யுதாங்கன்னு தெரியும்லா?"

"மரப்பிசின்தானே?"

"மரப்பிசினா! மாட்டுத் தோலையும் எலும்பையும் போட்டுக் காய்ச்சி எறக்குனது சாரே. எங்க ஏரியாவுல தோல் கெடங்குப் பக்கம் வந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க, நல்லா வெளங்கும்."

வரைபடக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த கப்பலின் கொடிமரம் ஒடிந்தது. என் கையில் இருந்த காப்பியை யார் குடித்தார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடந்து வந்த பத்து நிமிடத்தில் என் குடும்ப வாழ்க்கை முழுவதும் முடிந்துபோனது. மனைவி பெட்டியைத் தூக்குகிறாள். மாமனாரிடமிருந்து தந்தி வருகிறது. மூன்று மாடிப் பெண்களும் சுண்டலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கலசத்து அம்பாள் கண்ணைத் திறந்து என்னை மட்டும் பார்க்கிறாள். கொலுவுக்கு இன்னும் மூன்று நாள்.

திங்கட்கிழமை வயிற்று வலி என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். மனைவி கொலுச் சாமான் வாங்க தாதர் போனதும் வேலையைத் தொடங்கினேன். திட்டம் எளிமையானது. வச்சிரம் வெந்நீரில் இளகும். கப்பலை ஊறவைத்துப் பிரித்து, கழுவி, மைதாப் பசையில் மறுபடி ஒட்டிவிட்டால் அம்பாளுக்கும் எனக்கும் தகராறு இல்லை. பக்கெட்டில் வெந்நீர் நிரப்பிக் கப்பலை அமுக்கினேன். நல்லவேளை, வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை என்று ஒரு சந்தோஷம் வேறு.

பத்தாவது நிமிடம் கப்பல் விரிந்தது. பிறகு அது கப்பலாகவே இல்லை. எந்தப் பட்டை எந்த விலாவுக்கு என்று தெரியாமல் நூறு சிராய்கள் மிதந்தன. வர மறுத்த ஒரு பாய்மரத்தைப் பிடித்து இழுத்தேன். அது இரண்டாக வந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. மனைவி பையோடு குளியலறை வாசலில் நின்றாள்.

"ஏன்னா, இதென்ன, கப்பலுக்கு எண்ணெய் ஸ்நானமா?"

ஈரக் கையோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தோல், எலும்பு, ஆறு மாதம், பால்கனி. அவள் பையைக் கீழே வைத்தாள்.

"தெரியுமே."

"எப்போலேர்ந்து?"

"நீங்க மொதல் நாள் காய்ச்சினப்பவே. மரப்பிசின் அந்த நாத்தம் நாறுமா? அதனாலதானே ஓட்டை ஸ்டவ்வையும் பழைய சட்டியையும் குடுத்து ஒங்களை பால்கனிக்கு அனுப்பினேன்."

"தெரிஞ்சுமா கலசத்துக்குப் பக்கத்துல வைக்கறேன்னே?"

"எங்கண்ணா வருஷா வருஷம் கொலு முன்னாடி ஒக்காந்து மிருதங்கம் வாசிக்கறானே, அதுல என்ன வாழை இலையா கட்டியிருக்கு?" என்றவள் பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். "அது போகட்டும். மூணு மாடிக்கும் சொல்லியாச்சு. இப்ப நான் எதைக் காட்டறது?"

சாயங்காலமே காப்பிப்பொடிக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மறுநாளிலிருந்து மூவரும் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வரைபடக்காரர் நினைவிலிருந்து விலாக்களை வரைந்து கொடுத்தார். தாராவிக்காரர் நீரில் முறுக்கிக்கொண்ட பட்டைகளுக்குப் பதில் புதிதாகச் சீவினார். கடைக்காரர் ஊதி ஊதிக் காயவைத்தார். மனைவியே சட்டியை ஏற்றி வச்சிரம் காய்ச்சிக் கொடுத்தாள்.

கப்பல் கொலுவில் ஏறியது ஏழாம் நாள். ஒரே பாய்மரத்தோடு.