சித்தி சொன்ன ஒல்விதோ

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஸ்பானிஷ் பேசிய ஒரே ஜீவன் என் சித்திதான், அம்மாவின் தங்கை. டீச்சர் இல்லை, கிளாஸ் இல்லை. போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து, மீன் ஆய்ந்துகொண்டே கற்றாள். அப்பேர்ப்பட்ட மூளை! ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு ஒரு கம்பெனியில் வேலை இருந்தது. அது கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று தாத்தா கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளைத் தினமும் கேள்வி கேட்டுச் சோதிப்பது என் வேலை. எனக்கு வயது ஒன்பது. அர்த்தம் சொன்னால் மட்டும் அவளுக்குப் போதாது.

"வார்த்தைய மனப்பாடம் பண்ணிக்கினு இன்னாடி பண்றது? அத்த வெச்சுப் பேச வாணாவா?" என்பாள்.

'ஒல்விதோ' வந்த அன்று குழம்பில் உப்பில்லை. அம்மா கத்தியதும் சித்தி அமைதியாக, "ஃபுஎ உன் ஒல்விதோ" என்றாள். ஒரு மறதி, நடந்துபோச்சு, அவ்வளவுதான். யார் மறந்தார்கள் என்றே சொல்லவேண்டாம்! வீட்டுப்பாடம் எழுதாத நாளெல்லாம் நானும் அதையே சொல்லிப் பார்த்தேன்.

நேர்காணல் காலை பத்து மணிக்கு, போனில். "சார்ஜ்ல போடுடி" என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சித்தி குளிக்கப் போனாள். அந்நேரம் பார்த்தா தண்ணி லாரி வரவேண்டும்? லாரி சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் வேறெதுவும் ஞாபகம் இருக்காது. போனைக் கவுன் பையில் போட்டுக்கொண்டு குடத்தோடு ஓடினேன். வரிசை நகர்ந்து, தண்ணீர் பிடித்துத் திரும்பியபோது மணி பத்தேகால். சித்தி வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்த போன் செத்துக் கிடந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் வயரோடு சுவரோரம் நின்று அவளே கூப்பிட்டாள். ஏன் தாமதம் என்று கேட்டிருப்பார்கள் போல.

"பெர்தோன். ஃபுஎ உன் ஒல்விதோ மியோ" என்றாள்.

பெர்தோன் என்றால் மன்னிப்பு, மியோ என்றால் 'என்னுடையது'. அவளைச் சோதித்தவளே நான்தானே, எனக்கா தெரியாது? பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "தப்பா சொல்ட்டியே சித்தி, மறந்தது நான்தானே" என்றேன்.

"ஆமால்ல?" என்று சிரித்தாள்.

இரண்டு நாளில் வேலை கிடைத்தது. "தப்பாப் பேசியும் குடுத்துட்டாங்க பாரேன்" என்று தெரு முழுக்க நான் சொல்லித் திரிந்தேன். பக்கத்திலேயே நின்றிருந்த சித்தி ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை.